கடன் வாங்கிக் கழித்தலும் பாவசங்கீர்த்தனமும்: கத்தோலிக்கப் பள்ளியில் ஓர் இரண்டாம் வகுப்பு

நாங்கள் இருப்பது மத்திய நியூஜெர்சியில். பையனை முதல் வகுப்புவரை பக்கத்துப் பப்ளிக் ஸ்கூலில் (இங்கே அரசுப் பள்ளிக்கு அதுதான் பெயர்) படிக்க வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்புக்கு சர்ச்சோடு ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு மாற்றினோம். ஒரு முழு வருடம் ஃபீஸ் கட்டி, இரண்டு டிஃபன் பாக்ஸைத் தொலைத்து, ஜூனில் ரிப்போர்ட் கார்டும் வாங்கியாயிற்று. தெரிந்தவர்கள் நாலைந்து பேர் "எப்படி இருக்கு, சேர்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். குறைகளும் சொல்லப்போகிறேன், பையன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனால் எனக்கு ஊர் நாகர்கோவில். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே லீவு விடுகிற இடம், நானும் பள்ளிக்கூடம் முழுக்க சிஸ்டர்களிடம்தான் படித்தேன். கத்தோலிக்கப் பள்ளி எனக்குத் தெரியாததா என்ற தைரியத்தில்தான் போய்ச் சேர்த்தேன். அந்தத் தைரியம் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலேயே கலைந்துவிட்டது. எங்கள் பள்ளியில் கேட்டகிசம் (வேதபாடம்) பீரியடுக்கு மணி அடித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும், மற்ற நாங்கள் எல்லாம் மாரல் சயின்ஸுக்கும் பிரிந்துவிடுவோம். இங்கே அந்தப் பிரிவே கிடையாது. ரிலிஜன் என்பது கணக்கு மாதிரி ஒரு பாடம். எல்லோருக்கும் உண்டு, பரீட்சை உண்டு, மார்க் உண்டு, ரிப்போர்ட் கார்டில் முதல் வரியே அதுதான். சிஸ்டர்களும் கிடையாது. இன்று அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போல வீடு வாசல் உள்ள பொதுநிலையினர்தான். பையனின் டீச்சர் ஜீன்ஸ் போட்டு வந்த ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

இரண்டாம் வகுப்பில் சேர்க்கிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இது மற்ற வகுப்புகளைப் போல ஒரு வகுப்பு கிடையாது. இங்கே முதல் பாவசங்கீர்த்தனமும் (செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது) புதுநன்மையும் (நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குவது) பெரும்பாலும் இந்த வருடத்தில்தான் வருகின்றன, வருடம் முழுக்க அதைச் சுற்றியே ஓடுகிறது. ஏன் இவ்வளவு சின்ன வயதில் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஊரில் என் பெஞ்சுத் தோழி ஐந்தாம் வகுப்பில்தான் புதுநன்மை வாங்கினாள், வெள்ளைக் கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக எடுத்த ஃபோட்டோ அவர்கள் வீட்டு ஹாலில் ரொம்ப நாள் தொங்கியது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1910 வரைக்கும் பல நாடுகளில் பத்து வயது, பன்னிரண்டு வயது, சில இடங்களில் அதற்கு மேலும்கூடப் பிள்ளைகளைக் காக்கவைத்திருக்கிறார்கள். அந்த வருடம் போப் பத்தாம் பயஸ், ஏழு வயதை ஒட்டியே பிள்ளைக்கு நல்லது கெட்டது புரியத் தொடங்கிவிடுகிறது, அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று ஆணை போட்டார். ஏழு வயது என்றால் இங்கே இரண்டாம் வகுப்பு. நூறு வருடத்துக்கு முன்னால் ரோமில் போட்ட ஒரு கையெழுத்தால் என் பையனின் ஏப்ரல் மாத அறிவியல் வகுப்பு காணாமல்போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரிலிஜன். எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளியில் மிக நன்றாக நடத்தப்பட்ட பாடம் அதுதான். காலையில் ஸ்பீக்கரில் ஜெபம், உடனே கொடிக்கு உறுதிமொழி. சாப்பாட்டுக்கு முன் ஒரு ஜெபம். வாரத்தில் ஒருநாள் முழுப் பள்ளியும் சர்ச்சில் பூசைக்குப் போகும். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு துணை உண்டு, பூசையில் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது எழுந்திரிக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அந்தப் பெரிய பையனின் வேலை. என் பையனுக்கு வாய்த்தவன் ஆறடி உயரம், மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அவன் சொன்னால் வேதவாக்கு. நான் சொன்னால் ஒரு சாக்ஸைக்கூட எடுத்து வைக்காதவன் அவன் சொல்லி ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்குள் 'எங்கள் தந்தையே', 'அருள் நிறைந்த மரியே' எல்லாம் மனப்பாடம், அப்புறம் செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப மந்திரம். ஞானஸ்நானம், நற்கருணை மாதிரியான ஏழு அருட்சாதனங்களின் பெயர், பத்துக் கட்டளைகள், பூசையில் எது முன்னால் வரும் எது பின்னால் வரும் என்பது, ஃபாதர் எந்தக் காலத்தில் எந்த நிறத்து அங்கி போடுவார் என்பது எல்லாம் பாடம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் ஊதா, பெந்தெகொஸ்தே திருநாளுக்குச் சிவப்பு, விசேஷம் ஒன்றும் இல்லாத நாட்களுக்குப் பச்சை. டிசம்பரில் ஒருநாள் "வர்ற ஞாயிற்றுக்கிழமை பிங்க் மெழுகுவர்த்தி" என்று அடித்துச் சொன்னான். நான் நம்பவில்லை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு அதுதானாம், எனக்கு ஒரு டாலர் நஷ்டம்.

மனப்பாடம் நமக்குப் புதுசில்லை. என்னை அசத்தியது வேறு. பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்யும்போது டீச்சர் மூன்று வாரம் ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பி நடத்தினார்: தெரியாமல் நடந்தது எது, தெரிந்தே செய்தது எது. பால் கை பட்டுக் கொட்டிவிட்டால் அது ஆக்சிடென்ட். கொட்டிய பாலுக்குத் தங்கையைக் கைகாட்டினால் அது நீயே எடுத்த முடிவு, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்படி ஒரு இருபது சின்னச் சின்னச் சம்பவங்களைத் தாளில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆக்சிடென்ட்டா சாய்ஸா என்று எழுதச் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளைகள் அதில் வக்கீல் மாதிரி வாதாடியிருக்கிறார்கள். தூக்கத்தில் தம்பியை உதைத்தால் என்ன, பாதித் தூக்கத்தில் உதைத்தால் என்ன என்று அரை மணி நேரம் போனதாம்.

அதன் விளைவு வீட்டுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, பொங்கலுக்கு வர முடியுமா என்று கேட்டாள். "எங்கம்மா, லீவு தரமாட்டேங்கறாங்க" என்றேன். நிஜத்தில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நாங்களே வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தோம். பக்கத்தில் லீகோவைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், நான் ஃபோனை வைத்ததும் தலையைத் தூக்காமலே "அம்மா, இது எட்டாவது" என்றான். என்ன எட்டாவது? "கட்டளை. நீ லீவே கேக்கலையே." ஆச்சி மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சும்மா சொன்னதுடா என்று சமாளித்தேன். "அப்ப அது ஆக்சிடென்ட்டா, சாய்ஸா?" நான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன். (ஆபீஸில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு தோழியிடம் இதைச் சொன்னால், அவளுடைய கணக்கில் பொய் ஒன்பதாவது கட்டளை. எண்ணுகிற முறையே இரண்டு பக்கமும் வேறாம். அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும்.)

நவம்பர் முதல் தேதி எல்லாப் புனிதர்கள் திருநாள். ஹாலோவீனுக்கு மறுநாள் இன்னொரு மாறுவேஷம், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புனிதராக வந்து நாலு வரி பேச வேண்டும். வகுப்பில் மூன்று ஃபிரான்சிஸ் அசிசி, இரண்டு பேட்ரிக். எங்களிடம் டீச்சர் ரொம்பத் தயக்கத்தோடு "உங்களுக்குத் தெரிந்த இந்தியப் புனிதர் யாராவது..." என்று இழுத்தார். எனக்கு உடனே தேவசகாயம் பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். நட்டாலத்தில் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மா ராஜாவிடம் வேலை பார்த்தவர், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் மூலம் கிறிஸ்தவரானவர், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு கோயிலில்தான் அடக்கம், நான் ஸ்கூலுக்குப் போகிற வழி. 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊர் வாட்ஸாப் குரூப்பில் மதவித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஃபோட்டோ போட்டுத் தள்ளினார்கள். பையனுக்கு அவன் அப்பாவின் வேட்டியை நாலாக மடித்துக் கட்டி, கெட்டிக் கலர்த் தாளில் கறுப்பு வளையங்கள் செய்து கையில் விலங்கு மாட்டிவிட்டேன். பேச்சில் நான் எழுதிக் கொடுத்த நாலு வரியை விட்டுவிட்டு "இவர் எங்க ஆச்சி வீட்டுப் பக்கத்துல இருந்தவர்" என்று ஆரம்பித்தானாம். டீச்சர் அன்று ராத்திரியே படித்துப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு பக்க மெயில் அனுப்பினார். இந்த மாதிரி ஆசிரியர் கிடைத்தால் கொடுக்கிற ஃபீஸ் உறுத்தாது. ஆனால் இவர் நிலைக்கவில்லை.

கணக்கு. சிலபஸ் அளவில் பப்ளிக் ஸ்கூலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, மாநிலத் தரத்தை ஒட்டியேதான் நடத்துகிறார்கள். நூறுக்குள் கூட்டல் கழித்தல் சரளமாக வர வேண்டும், ஆயிரம் வரைக்கும் இடமதிப்பு, ஓரிலக்க எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும், கடிகாரத்தில் ஐந்து நிமிடக் கணக்கில் மணி பார்ப்பது, இன்ச்சிலும் சென்டிமீட்டரிலும் அளப்பது, சில்லறை எண்ணுவது. சில்லறைதான் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. ஐந்து காசு நிக்கலைவிடப் பத்துக் காசு டைம் சின்னதாக இருக்கிறது, அது எப்படி மதிப்பு அதிகம் என்று இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

நான் மகிழ்ந்தது கழித்தலில். முந்தைய பள்ளியில் எண்கோட்டில் தவளை மாதிரி குதித்துக் குதித்துக் கழிக்கச் சொன்னார்கள், 82-இலிருந்து 47 போக ஒரு பக்கம் முழுக்கத் தவளை. இங்கே முதல் மாதம் கட்டைகளை வைத்துப் பத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, அப்புறம் நேரே நம்ம ஊர் வழிதான், மேலே ஒன்று கீழே ஒன்று எழுதி, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கழித்தல். தினம் ஒரு பக்கம் ஹோம்வொர்க். அமெரிக்க அம்மாக்களில் சிலர் இது பழைய முறை என்று முணுமுணுத்தார்கள், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கத் தெரிந்ததே பெரிய விஷயமாக இருந்தது. மே மாதம் வரிசையும் நிரலுமாகப் புள்ளி வைத்துப் பெருக்கலுக்கு ஒரு முன்னோட்டம் காட்டினார்கள், வாய்ப்பாடு மூன்றாம் வகுப்பில்தான். ஊரில் நாம் இரண்டாம் வகுப்பிலேயே ஐந்தாம் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இங்கிலீஷில் இலக்கணம் அதிகம். பெயர்ச்சொல், வினைச்சொல், உரிச்சொல் என்று அடிக்கோடு போடுவது, வெள்ளிக்கிழமைதோறும் பதினைந்து வார்த்தை ஸ்பெல்லிங் டெஸ்ட், ஒரு பத்தியைத் தலைப்பு வாக்கியத்தோடு ஆரம்பித்து எழுதுவது. ஜனவரியிலிருந்து கர்ஸிவ், அதாவது எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதுகிற கூட்டெழுத்து. நாட்டில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றிய 2010-ம் வருடத்துப் பொதுப் பாடத்தரத்தில் கூட்டெழுத்துக்கு இடமே இல்லை, அதனால் பல பப்ளிக் ஸ்கூல்களில் அதைக் கைவிட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் பல அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் வளையம் போடுகிற எழுத்துகள், அப்புறம் மலை மாதிரி ஏறி இறங்குகிற எழுத்துகள். பையன் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் 'ண'வுக்கும் 'ழ'வுக்கும் சுழித்துச் சுழித்துப் பழகியவன், கை சீக்கிரம் ஓடிற்று. டீச்சர் கேட்டதற்கு "எங்க லாங்வேஜ்ல எல்லாமே கர்ஸிவ்தான்" என்று பதில் சொல்லியிருக்கிறான். தமிழ்ப் பள்ளி வாத்தியாரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

சரி, குறைக்கு வருவோம். அறிவியல் மோசம். வாரத்தில் இரண்டு வகுப்பு, அதிலும் புத்தகத்தைத் திறந்து படிப்பதுதான். திடம் திரவம் வாயு, வாழிடங்கள், செடிக்கு மகரந்தம் எப்படிப் போகிறது, மலை சமவெளி ஆறு என்று தலைப்பெல்லாம் இருக்கிறது. கையால் செய்து பார்த்தது என்றால் பட்டாம்பூச்சிப் புழுக்களை டப்பாவில் வளர்த்து விட்டது ஒன்றுதான், அதில் மட்டும் வகுப்பே பைத்தியமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பப்ளிக் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு. அவள் மண்ணையும் தண்ணீரையும் தட்டில் வைத்துக் கரை அரிப்பதைப் பார்க்கிறாள், எப்படித் தடுக்கலாம் என்று குச்சி நட்டுப் பார்க்கிறாள். நியூஜெர்சி மாநிலம் 2020-ல் முடிவெடுத்து 2022 செப்டம்பரிலிருந்து எல்லாப் பப்ளிக் ஸ்கூல்களிலும் பருவநிலை மாற்றத்தைச் சின்ன வகுப்பிலிருந்தே பாடத்தில் சேர்த்துவிட்டது. தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எங்கள் பள்ளியில் அந்தப் பேச்சே எழவில்லை. சோஷியல் ஸ்டடீஸும் இதே கதை, நகரம் புறநகர் கிராமம், வரைபடத்தில் குறியீடு பார்ப்பது, அவ்வளவுதான். அறிவியலுக்காகப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இங்கே வர வேண்டாம்.

இரண்டாவது குறை எங்களை நிஜமாகவே வாட்டியது. பிப்ரவரியில் அந்த நல்ல டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பளம்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், பக்கத்து டவுன் பப்ளிக் ஸ்கூலில் இதைவிட நன்றாகக் கொடுக்கிறார்கள். அடுத்தவர் வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை வாரத்துக்கு ஒருவராக மாற்று ஆசிரியர்கள் வந்தார்கள், ஒருவருக்கு இரண்டாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளி அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போட்டேன். பத்து நாள் கழித்து "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது, நான் பொறுமையாக இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்த இரண்டாவது மெயிலே. சேர்ப்பதற்கு முன் டீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். நியூஜெர்சியில் தனியார் பள்ளி ஆசிரியருக்கு மாநிலச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம் இல்லை, பலர் வைத்திருப்பார்கள், ஆனாலும் அதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஏப்ரல். புதுநன்மை மே முதல் சனிக்கிழமை, அதற்கு ரிகர்சல் என்று தினம் மதியம் வகுப்பை சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வரிசையில் எப்படி நடப்பது, இடது கையை வலது கைமேல் வைத்து எப்படி ஏந்துவது, பாட்டு. பத்தொன்பது பேர் வகுப்பில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் என்று நாலு பேர். நாலு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கலர் பென்சிலால் தாளில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள், மூன்று வாரம். அந்த நேரத்தில் அந்த நாலு பேருக்கு ஏதாவது பாடம் நடத்தியிருக்கலாம், லைப்ரரிக்கு அனுப்பியிருக்கலாம். நாடு முழுக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை கத்தோலிக்கர் இல்லை. எங்கள் நாலு பேர் என்னமோ அதிசயமாக வந்துவிட்டவர்கள் கிடையாது, இதற்கென்று ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். நாலில் ஒருவன் எகிப்தியக் காப்டிக் கிறிஸ்தவக் குடும்பம். அவர்களில் ஞானஸ்நானத்தின்போதே கைக்குழந்தைக்கு நற்கருணை கொடுத்துவிடுவார்களாம், "நான் பாப்பாவா இருக்கும்போதே வாங்கிட்டேன்" என்று அவன் ஒருவன் மட்டும் கெத்தாக உட்கார்ந்திருந்தான்.

ரிகர்சலுக்கு முன் டீச்சர், அதாவது புதிதாக வந்தவர், மந்திரிக்காத வெறும் அப்பத்தை எல்லோருக்கும் ஒன்று கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார். கோதுமை மாவும் தண்ணீரும், வேறு ஒன்றும் சேர்க்கக் கூடாது. பையன் வந்து சொன்னான், "பேப்பர் மாதிரி இருக்கு. நம்ம அப்பளத்தைப் பொரிக்காம சாப்ட்டா எப்படி இருக்கும், அப்படி." அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் கேட்ட கேள்விக்குத்தான் நாங்கள் தயாராக இல்லை. "எனக்கு ஏன் கிடையாது?" நீ ஞானஸ்நானம் வாங்கவில்லை என்றார் அவன் அப்பா. "அப்ப வாங்கிக்கட்டுமா?" அவர் சாம்பார்க் கரண்டியோடு என்னைப் பார்த்தார். நான், பெரியவனானதும் நீயே யோசித்து முடிவு பண்ணிக்கோ கண்ணு என்றேன். ரொம்ப நாகரிகமான பதில் சொல்லிவிட்ட திருப்தியில் இருந்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏழு வயசானா முடிவு பண்ணத் தெரியும்னு டீச்சர் சொன்னாங்க, எனக்கு ஏழு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு" என்றான்.

அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. சேர்க்க நினைக்கிற இந்துக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள் எல்லோரும் இதற்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பள்ளி பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறது என்று நான் சொல்லவே மாட்டேன், ஒருநாளும் யாரும் அப்படிப் பேசவில்லை, எங்களையும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு வருடம் முழுக்க ஒரு விருந்துக்குச் சமையல் நடப்பதைப் பார்க்கிற பிள்ளை, இலை போடும்போது தனக்கு ஏன் இல்லை என்று கேட்கத்தானே செய்யும். மே மாதச் சனிக்கிழமை நாங்களும் போனோம். பையன்கள் கோட்டு சூட்டு, பெண்கள் வெள்ளைக் கவுன், வாசலில் தாத்தா பாட்டிகள். இவன் வகுப்போடு சேர்ந்து பாடினான், கடைசியில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போய் ஃபாதரிடம் ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது அந்த ஆறடிப் பையன். மதியம் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தோம், சும்மா இருக்க முடியவில்லை.

காசு விஷயம். எங்களுக்கு வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் டாலர், பத்துத் தவணை. அந்தச் சர்ச்சிலேயே உறுப்பினராக இருக்கிற குடும்பங்களுக்குக் குறைவு. இது போக யூனிஃபார்ம், கட்டம் போட்ட துணியில் பெண்களுக்கு ஜம்பர், பையன்களுக்கு நீல பேன்ட் வெள்ளை போலோ, பி.டி. நாளைக்கு வேறு செட். பெற்றோர் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வந்து வேலை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அதற்கும் ஒரு தொகை. சாக்லெட் விற்க வேண்டும். பிப்ரவரியில் ட்ரிக்கி ட்ரே, நியூஜெர்சிக்காரர்களுக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம், கூடை கூடையாகப் பரிசை அடுக்கி வைத்து டிக்கெட் போட்டுக் குலுக்குவார்கள். நாற்பது டாலருக்கு டிக்கெட் வாங்கி ஒரு டப்பா வாசனை மெழுகுவர்த்தி ஜெயித்தேன். பஸ் பற்றி ஒரு நல்ல செய்தி: வீட்டிலிருந்து பள்ளி இரண்டு மைலுக்கு மேல் என்றால், தனியார் பள்ளியானாலும் உங்கள் டவுனின் பள்ளி மாவட்டம் பஸ் விட வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதில் ஒரு தொகை கொடுக்க வேண்டும். தூர உச்சவரம்பு மாதிரி சில நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் தூங்கிவிட்டு அப்புறம் ஓடினோம்.

சாப்பாடு எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்குப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பீட்சா. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கே கறி கிடையாது, திருச்சபைச் சட்டப்படி பதினாலு வயதுக்கு மேல்தான் விலக்க வேண்டும் என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே மெனுதான். அந்த ஆறேழு வாரம் வகுப்பே தன்னைப் போல் சாப்பிடுகிறது என்று பையனுக்கு ஒரே சந்தோஷம். மீன் மட்டும் கறிக் கணக்கில் வராதாம், அது ஏன் என்று அவனுக்கு விளக்க எனக்கும் தெரியவில்லை, வங்காளிகளைக் கேட்கலாம்.

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கூடுதல் உதவி தேவைப்பட்டாலோ, பேச்சுப் பயிற்சி, கணக்கில் தனிக் கவனம் தேவைப்பட்டாலோ, தனியார் பள்ளி என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 192, 193 என்று இரண்டு மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றின் கீழ் அரசுச் செலவில் ஆள் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். ஆபீஸில் "ஒன் நைன்ட்டி டூ" என்றாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் பப்ளிக் ஸ்கூலில் கிடைக்கிற அளவு முழுமையான உதவியும் உரிமையும் இங்கே கிடைக்காது. பிள்ளைக்கு அந்தத் தேவை அதிகம் என்றால் நன்றாக யோசியுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், கொஞ்சம் சங்கடமான கேள்விதான்: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், போன வருடம் எத்தனை. 1960-களில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஐம்பது லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் படித்தார்கள், இன்று பதினேழு லட்சம் பக்கம்தான். மூடுவதும் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதும் வருடாவருடம் நடக்கிறது. பத்தொன்பது பேர் வகுப்பு டீச்சருக்கு வசதி, பள்ளியின் வரவு செலவுக்கு அவ்வளவு வசதி இல்லை.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஒரு வாரம் கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம், அநேகமாக எல்லாப் பள்ளியும் அப்போது கதவைத் திறந்து வைத்து டோனட்டும் காப்பியும் கொடுத்து வரவேற்கும். போனால் ஜிம்மிலேயே நின்று பிரின்சிபால் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், இரண்டாம் வகுப்பு அறைக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். எங்கள் அறையில் பத்துக் கட்டளைச் சார்ட்டுக்குக் கீழே, ஜன்னல் பக்கம், ஒட்டி ஒட்டிக் கிழிந்துபோன ஒரு தாளில் ஆக்சிடென்ட் என்றும் சாய்ஸ் என்றும் இரண்டு பத்தி போட்டிருந்தது. ஆக்சிடென்ட் பக்கத்தில் கடைசியாக யாரோ கர்ஸிவில் எழுதியிருந்தார்கள், பாதித் தூக்கத்தில் உதைத்தது என்று.